காரை எடுக்க வைப்பதுதான் பாடு

அன்புள்ள சேகர்,

பொங்கல் வாழ்த்துக்குக்கூட பதில் போடவில்லை என்று நீ பொருமுவது தெரியும். நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பாலு இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

உங்கள் தெருவில் ரோடு போடப் போகிறார்களாம், சங்கச் செயலாளர் நீயாம்! நல்லா மாட்டினாய். சென்னையில் தார் போடுவது பெரிய வேலையே இல்லை. நிற்கிற காரை எடுக்க வைப்பதுதான் பாடு.

விஜி-30 என்கிற ரகத் தாரில் செய்த கலவை என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி சூடு வேண்டும். 90க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிய வேண்டும். லாரி வந்த பிறகு வீடு வீடாகக் காலிங் பெல் அடித்துக்கொண்டிருந்தால் கலவை ஆறிப்போகும். அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், தார் விரிக்கும் மெஷினான பேவர் காரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் காரை எடுத்தால் அதே அளவில் ஒரு பள்ளம், சுற்றிலும் ரோலர் சரியாக ஏறாத விளிம்பு. மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும், ஜல்லி அங்கேதான் முதலில் பெயரும்.

நோட்டீஸில் இரண்டு தேதி போடு. பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் ஒரு ராத்திரி, தார் விரிப்பது வேறொரு ராத்திரி. முதல் நாள் ஒழுங்காக எடுத்தவர்கள்கூட மறுநாள் காலையில் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மாற்றாக எங்கே நிறுத்தலாம் என்பதையும் எழுது. 'இங்கே நிறுத்தாதே' என்று மட்டும் சொன்னால் எவனும் கேட்க மாட்டான்.

டயர் இறங்கிப்போய் தூசி படிந்து நிற்கும் அனாதை வண்டிகளை நீயோ ஒப்பந்ததாரரோ இழுக்கப் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவுப்படி, 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை அகற்றச் சொல்ல சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்குத்தான் அதிகாரம். வண்டி எண்களைக் குறித்து போக்குவரத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடு. தெருவை அடைப்பதும் அவர்கள் கையில்தான். 115ஆம் பிரிவில், ஒரு மாதத்துக்குள் முடிகிற தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. ஆனால் உள்ளூரில் முடிந்தவரை தெரியப்படுத்தியாக வேண்டும். அன்று காலையில் கட்டுகிற பேனர் எல்லாம் என் கணக்கில் தெரியப்படுத்தல் ஆகாது.

மில்லிங் இல்லாமல் மேலேயே போட்டால் விடாதே, சண்டை போடு. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். இல்லையென்றால் மழைக்குத் தெருத்தண்ணீர் உன் வீட்டு வாசலுக்குள்தான் வரும்.

மில்லிங் முடிந்ததும் மேன்ஹோல் மூடிகள் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ராத்திரியில் பைக்கில் வருகிறவன் கவிழ்வது அங்கேதான். மூடிக்கு ஒரு கோன், ஒளிரும் பட்டையோடு, கேட்டு வாங்கு. பேரிகேடைத் தெருமுனையிலேயே வைக்கச் சொல். உள்ளே வந்த பிறகு ரிவர்ஸ் எடுக்கிற கூத்து வேண்டாம். அவசரத்துக்கு 108 வந்தால் பேரிகேடை நகர்த்த ஒரு ஆள் அங்கேயே நிற்கட்டும்.

புதுத் தார் நன்றாக ஆறும்வரை பைக் நிறுத்த விடாதே, சைடு ஸ்டாண்ட் குழி பறித்துவிடும்.

தேதி கிடைத்ததும் அனுப்பு, நோட்டீஸை நான் எழுதித் தருகிறேன். நீ எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

அன்புடன்,
மணி