காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்டதும் உப்புவெளிப் பக்கம் மறுபடியும் டெங்கு. போன மாதம் என் மச்சானுக்கு வந்தது. நான்காம் நாள் உடம்பு குளிர்ந்ததும், 'சரி, சுகமாகிவிட்டது' என்று சோறும் ரசமும் கொடுத்தோம். அன்று மாலையே பல் முரசில் இரத்தம், தலையணை உறையில் சிவப்புப் பொட்டுகள். ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய, இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) 18,000. காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்து என்பது தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கொரோனாவுக்கு இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போட்டார்களே, இவருக்கும் போடலாமே என்றார் மாமி. அங்கே நுரையீரலிலும் காலிலும் இரத்தம் கட்டியது, இங்கே கசிகிறது. அந்த ஊசி இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். உடம்பு உளைவுக்கென்று மச்சான் வாங்கி விழுங்கிய ஐபுபுரோபனும் அப்படித்தான். டெங்குவுக்குப் பரசிற்றமோல் மட்டும். விற்றவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2017இல் டெங்குவால் நம் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாடு மறந்துவிட்டதா? புகை அடிப்பதோடு நில்லாமல், மருந்துக் கடைகளில் இதைத் தமிழில் எழுதி ஒட்டச் சுகாதாரப் பகுதியினர் முன்வரட்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.