கரண்ட் இல்லாத நாளில் எடுத்த பாட்டு

தஞ்சாவூர்
புதன்கிழமை இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கும் அக்காவுக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார். மழை வந்தால் முழங்கால் வலி மட்டும் ஏறிக்கொள்கிறது. சின்னவன் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டி.வி.க்கு விடுமுறை விட்டாயிற்று.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஆல்பம்தான். எட்டுப் பாட்டும் பதிவாகிவிட்டன, ஆறுக்கு மிக்ஸிங் முடிந்தது. அக்கா மகள் பாடுகிறாள், கிட்டார் அவளோடு வங்கியில் வேலை பார்க்கும் பையன், பேஸ் கிட்டாருக்கு ஒரு கல்லூரி மாணவன், பறைக்கு ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி. நால்வரில் மூத்தவனுக்கே இருபத்தாறு வயதுதான். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தினமும் ஒரு பெயர் வருகிறது, மறுநாள் அதுவே அவர்களுக்குப் பிடிக்காமல் போகிறது.

ஆடியில் நாங்கள் ஆரம்பித்தபோது நீ எழுதியிருந்தாய்: "ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடு, கிளிக் போட்டு எடு, அப்பத்தான் மிக்ஸிங்ல கை வைக்க முடியும்." வடபழனியில் பன்னிரண்டு வருஷம் ரெக்கார்டிங்குக்குக் கீபோர்டு வாசித்தவன் சொல்கிறாய். முதல் மூன்று வாரம் நீ சொன்னபடியேதான் செய்தேன். அதை ஏன் விட்டேன் என்று உன்னிடம் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

பறைக்காரத் தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, நிமிடத்துக்கு 96 தட்டு என்று தாளம் காட்டும் கிளிக்கை ஓட விட்டேன். கணக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஆனால் அது அவன் வாசிப்பே இல்லை. நாலு டேக் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நான் அடிக்கிறேனா, இது அடிக்குதான்னே தெரியல" என்றான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். ஊரில் அவன் நின்றுகொண்டு, அடவு போட்டுக்கொண்டு அடிக்கிறவன். கால் எடுத்து வைப்பதற்கும் கை விழுவதற்கும் ஒரே கணக்கு. பாட்டு ஏறும் இடத்தில் அவனும் ஒரு மயிரிழை முந்துவான், பாடுகிறவள் இழுத்தால் இவனும் இழுத்துக் கொடுப்பான். நான் அந்தக் காலைக் கட்டிப்போட்டுவிட்டுக் கையை மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல் பறையின் தோல். காய்ச்சி வைத்தால் சிறிது நேரம்தான் அந்தக் குரல் நிற்கும். அவன் காய்ச்சுவதை நீ பார்க்க வேண்டும். முற்றத்தில் வைக்கோலும் காய்ந்த தென்னை மட்டையும் போட்டுக் கொளுத்தி, பறையை நெருப்புக்கு நேரே சாய்த்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். நடுவில் விரலால் ஒரு தட்டு. முதலில் நனைந்த சாக்கைத் தட்டியது போல 'தொம்' என்று கேட்கும். இரண்டு நிமிடத்தில் 'தங்' என்று வரும். இன்னும் கொஞ்சம் காட்டி, தோலைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்துத் திருப்தியானால்தான் சிண்டுக்குச்சியைக் கையில் எடுப்பான். பாட்டு முடிவதற்குள்ளேயே தோல் இளகத் தொடங்கிவிடும். அதனால் முதல் டேக்கின் பறையும் நாலாவது டேக்கின் பறையும் வேறு வேறு சுருதி. இதில் பாதி, அதில் பாதி என்று வெட்டி ஒட்டும் வேலை நடக்கவே நடக்காது.

சரி, எல்லோரும் சேர்ந்தே வாசிக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் சத்தத்துக்கு என்ன வழி? ஆடி மாதம், தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் மைக்செட். அது ஓய்ந்த பிறகு இராத்திரியில் பறை அடித்தால் தெருவே எழுந்து வரும். பகலில் பக்கத்து வீட்டு மோட்டார், எதிர் வீட்டு ஏ.சி., எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். எல்லாவற்றையும் நிறுத்தினாலும் கிட்டார் ஆம்பில் கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் போகாது.

ஆவணியில் ஒரு நாள் காலைப் பேப்பரில், மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 வரை எங்கள் பகுதியில் மின்தடை என்று போட்டிருந்தது. அக்கா மகள் படித்துவிட்டு, "மாமா, அன்னைக்கே எடுத்துடலாமா?" என்றாள். அந்த யோசனைதான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது.

லேப்டாப் பேட்டரியில் ஓடும். மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் எங்கள் நாலு மைக் இன்டர்ஃபேஸுக்கு லேப்டாப்பின் யு.எஸ்.பி. மின்சாரமே போதும், குரலுக்கு வைத்த கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே கொடுத்துவிடும். பேஸ் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராகச் சொருகினோம். எலெக்ட்ரிக் கிட்டாரை ஓரம் கட்டிவிட்டு அந்தப் பையன் அகூஸ்டிக் எடுத்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றினேன்.

ஒன்பது மணி அடித்துச் சில நிமிடத்தில் கரண்ட் போனது. மாப்ள, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முதலில் எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக எதிர் வீடு, பக்கத்து வீடு, கடைசியாகத் தெருக்கோடி மாவு மில். இத்தனை நாள் காதில் விழுந்துகொண்டிருந்தது என்றே தெரியாத சத்தங்கள் நின்ற பிறகுதான் தெரிந்தன. மிச்சம் இருந்தது முற்றத்து அணிலும் ஒரு காகமும். யாரும் பேசவில்லை. தம்பி முற்றத்தில் நின்றான், அவள் கூடத்தில் பதினைந்து அடி தள்ளி அவனைப் பார்த்து நின்றாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட இல்லை. அவன் காலைத் தூக்கினான், அவள் மூச்சு இழுத்தாள், பாட்டு தொடங்கிவிட்டது. அன்று நாலு பாட்டு. புரட்டாசி மின்தடையில் மூன்று.

அவளை அவனுக்கு எதிர்முகமாக நிறுத்தியதற்குக் கண்ணால் பேசிக்கொள்வது மட்டும் காரணமில்லை. அவள் பாடியது கார்டியாய்டு மைக்கில், அந்த வகைக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். மைக்கின் முதுகு பறைக்கு நேராக இருக்கும்படி வைத்தேன். பறைக்குப் பக்கத்தில் டைனமிக் மைக் ஒன்றை முக்கால் அடி தள்ளி வைத்து, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினைக் குறைத்துக்கொண்டேன். 24 பிட்டில் எடுப்பதால் அளவு குறைவாக இருந்தாலும் பின்னணி இரைச்சல் மேலே வராது. இவ்வளவு செய்தும் பாடும் மைக்கில் பறை கசியத்தான் செய்தது.

அந்தக் கசிவோடு பத்து நாள் மல்லுக்கட்டினேன். ஒலிக்குப் பதினைந்து அடி கடக்க 13 மில்லி செகண்ட் ஆகிறது. அதனால் பறையின் ஒவ்வோர் அடியும் பக்கத்து மைக்கில் ஒரு முறை, பாடும் மைக்கில் கொஞ்சம் பிந்தி ஒரு முறை என்று விளிம்பு மழுங்கிக் கேட்டது. பறை ட்ராக்கை 13 மில்லி செகண்ட் பின்னால் தள்ளிப் பொருத்தினேன். திரையில் இரண்டு அலையும் அச்சாகப் பொருந்தின, எனக்கு ஒரே சந்தோஷம். தம்பியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். நான் எதைத் தொட்டேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டு வரி கேட்டான். "அடி பின்னால விழுதுண்ணே. நான் இப்படி அடிக்கல" என்றான். பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். பறையின் பக்கத்து மைக்கை ஒன்றரை டெசிபல் இறக்கி, கசிவை அப்படியே பேச விட்டேன். இப்போது கேட்டால் அது முற்றத்திலிருந்து கூடத்துக்கு வருகிற பறை. எதிரொலி கூட்டும் ரிவர்ப் எதுவும் போடவில்லை, வீடே கொடுத்துவிட்டது.

நீ சொன்னது பலித்த இடமும் உண்டு. ஐந்தாவது பாட்டில் இரண்டாம் சரணத்தில் அவள் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டாள். வேறு டேக்கிலிருந்து அந்த வரியை மட்டும் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். குரல் சரியாகப் பொருந்தியது, ஆனால் அதோடு கூட வந்த பறை வேறு சுருதியில் துள்ளி விழுந்தது. சட்டையில் வேறு துணி வைத்துத் தைத்தது போல அந்த ஒரு வரி தனியாகத் தெரிந்தது. தனித்தனியாக எடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அவளுக்கு ரொம்ப வருத்தம், இரண்டு நாள் அந்தப் பாட்டையே கேட்கவில்லை. கடைசியில் விழுங்கியது விழுங்கியபடியே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். ஏழாவது பாட்டில் அவள் குரலே நாலு அடுக்காக வருகிறது. அதை முழுக்க உன் வழியில்தான் எடுத்தேன், கிளிக்கோடு. நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பாட்டில் பறை கிடையாது.

அப்புறம் பேஸ் விஷயம். மாடியறையில் வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறேன், பத்துக்குப் பத்து, உயரமும் கிட்டத்தட்ட பத்து. இதைவிட மோசமான அளவு இல்லை என்று இப்போது புரிகிறது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56, 57 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். நான் நாற்காலி போட்டிருந்தது நட்ட நடுவில், அந்த ஒலி காணாமல் போகிற இடத்தில். ஏ வரும்போதெல்லாம் பேஸ் இல்லையே என்று ஏற்றி ஏற்றி வைத்தேன். மச்சான் காரில் போட்டுப் பார்த்தால் கதவு அதிர்கிறது. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். கைதட்டினால் வந்த எதிரொலி போனது, பேஸ் ஒலி அசையவே இல்லை. நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்தி, பேஸை மட்டும் ஹெட்போனில் சரிபார்த்த பிறகுதான் கட்டுக்குள் வந்தது. நாலு பாட்டை மறுபடி முதலிலிருந்து செய்தேன். நீ வீட்டில் அறை அமைத்தால் சதுரம் மட்டும் வேண்டாம்.

சத்தத்தைப் பற்றிப் பையன்களோடு ஒரு விவாதம். மற்ற ஆல்பங்களைப் போல இதுவும் காதில் அறைய வேண்டும் என்கிறார்கள். உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டரை அழுத்தினால் முதலில் சாவது பறையின் அந்த முதல் வெடிப்புதான், அட்டைப் பெட்டியைத் தட்டியது போல ஆகிவிடும். எப்படியும் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க வைக்கிறது. பிறகு எதற்கு நசுக்க வேண்டும்? இரண்டு விதமாகவும் செய்து, ஒரே அளவில் வைத்துக் கேட்க வைத்தேன். பேஸ் வாசிக்கிற பையன் முதலில் தலையாட்டினான்.

திருச்சி ஹாஸ்டலில் நாம் இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்றில் பாட்டை ஓட விட்டு மற்றதில் கூடச் சேர்ந்து பாடிப் பதிவு செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு சுற்றுக்கும் இரைச்சல் ஏறும், கடைசிச் சுற்றில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து கோரஸ் பாடினார்கள். அந்த கேசட் உன் பெட்டியில்தான் இருக்க வேண்டும். தேடிப் பார். தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆறு பாட்டையும் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். போனில் கேட்காதே, ஹெட்போனில் கேள். மூன்றாவது பாட்டில் இரண்டு நிமிடம் பத்து விநாடியில் ஒரு காகம் கத்தும். அது அந்த மின்தடை நாளின் காகம். கிட்டார் பையன் வெட்டச் சொல்கிறான், அக்கா மகள் கூடாது என்கிறாள். எனக்கும் விட மனமில்லை. நீ கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், திங்களன்று அந்தப் பாட்டை மூடிவிடுவேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள