பின்னியதையெல்லாம் விற்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்கை வருமானமாக மாற்றுவது குறித்துக் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் சும்மா போகும் நேரத்தைக் காசாக்கலாம் என்றும், பின்னல் தெரிந்தவர்கள் ஸ்வெட்டர் பின்னி விற்கலாம் என்றும், கதைப் புத்தகம் படிப்பவர்கள் 'பயனுள்ள' நூல்களுக்கு மாறலாம் என்றும் கட்டுரையாளர் அக்கறையோடு யோசனை சொல்லியிருந்தார். அவருடைய நோக்கத்தில் குறை காண மாட்டேன். கணக்கில்தான் குறை இருக்கிறது. குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னியும் படித்தும் வருகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஆண்கள் அணியும் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண உல்லன் நூலில் வரிசைக்கு 110 கண்ணி, முன்பக்கத்துக்கு 160 வரிசை, பின்பக்கத்துக்கும் அவ்வளவே. பெருக்கினால் 35,200 கண்ணி. கழுத்துக்கும் தோளுக்கும் குறைத்துக்கொண்டு போவதைக் கழித்தாலும் 30,000-க்குக் கீழே வராது. நிமிடத்துக்கு 20 கண்ணி என்பது என் கை வேகம். ஆக 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம், அதுவும் ஒரு கண்ணிகூட நழுவாமல், ஒரு வரிசையைக்கூடப் பிரிக்காமல் பின்னி முடித்தால். நூல் விலை போக 200 ரூபாய் லாபம் வைத்து விற்றால் மணிக்கு 8 ரூபாய் கூலி கிடைக்கும். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் அருகே திபெத்தியர்கள் நடத்தும் கடைகளில் லூதியானாவின் இயந்திரப் பின்னல் ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்கும்போது, என்னுடையதற்கு நூல் விலையாவது கொடுத்து வாங்க ஆள் கிடைப்பாரா என்பதே சந்தேகம்.

பிறகு ஏன் பின்னுகிறேன் என்று கேட்டால், மனம் அமைதி அடைகிறது என்று சொல்லத்தான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் அமைதியைவிட ஆத்திரம்தான் அதிகம். ஐந்து உருண்டை நூல் வாங்கிப் பாதி முடித்த நிலையில் ஆறாவது தேவைப்படும். கடைக்குப் போனால் அதே எண், அதே நிறம் என்று எடுத்துத் தருவார்கள். வீட்டு வெளிச்சத்தில் பார்க்கும்போதுதான் அது வேறு சாயத்தொட்டியில் முக்கியெடுத்த நூல் என்பது, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையாகத் தெரியும். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் சாய எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, ஒரே எண்ணாகப் பொறுக்கி வாங்க வேண்டும் என்பதை நான் இரண்டு ஸ்வெட்டர்களைப் பறிகொடுத்துக் கற்றேன்.

ஊசி எண் இன்னொரு வம்பு. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகள் ஒரு முறை அழகான இலைப் பின்னல் மாதிரி ஒன்றை அனுப்பியிருந்தாள். எட்டாம் எண் ஊசி என்று அதில் போட்டிருந்தது. நானும் என் எட்டாம் எண் ஊசியில் ஒரு மாதம் பின்னினேன். நம் ஊரில் புழங்கும் எண்கள் பழைய ஆங்கிலேயக் கணக்கு. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும், எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும், அங்கே எட்டு என்றால் 5 மில்லிமீட்டர். மூத்த பேரனுக்கு என்று தொடங்கியது இளையவனுக்குத்தான் பொருந்தியது. மூத்தவன் அதை இன்னும் மறக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், ஊசியிலிருந்து கடைசிக் கண்ணியைக் கழற்றி முடிச்சிட்டுவிட்டு, துண்டுகளை மேசை மேல் பரப்பிக் கைகளால் நீவிவிடும் அந்த ஐந்து நிமிடத்துக்காக அடுத்த மாதமும் நூல் வாங்கப் போகிறேன்.

கதை படிப்பது பயனற்றது என்ற கருத்துக்கு வருகிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, என் தாயார் கும்பகோணத்தில் திருமணமாகாத பெண்ணாக இருந்தார். அந்தக் காலத்துப் பல வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்திருந்தார்கள். மணியத்தின் ஓவியங்கள், பின்பக்கத்தில் பாதி அறுந்த தைல விளம்பரங்கள், ஓரத்தில் தாத்தா குறித்துவைத்த பால் கணக்கு எல்லாமே அதில் உண்டு. ஒரு வாரத்து இதழை இரவல் வாங்கிப் போன அண்டை வீட்டார் தொலைத்துவிட்டதால், அந்த அத்தியாயத்தை மட்டும் அம்மா வேறொருவரிடம் இதழை வாங்கிக் கோடு போட்ட தாளில் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். அச்சு எழுத்துக்கு நடுவே அம்மாவின் சாய்வெழுத்து வரும் இடத்தில் எனக்கு இன்றும் கதை சற்று வேகம் குறைந்துதான் ஓடுகிறது. அதனால் என்ன பயன் என்று அந்த வீட்டில் யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் அந்த நாவலை வெளியிடுகின்றன. மலிவாகக் கிடைப்பது நல்லதே. ஆனால் எறும்பு வரிசை போன்ற எழுத்தும், இருநூறாம் பக்கத்திலேயே முதுகு பிளந்து தாள் தாளாக உதிரும் ஒட்டும் சேர்ந்தே வருகின்றன. விரித்து வைத்தால் விரிந்தபடி கிடக்கும் புத்தகம் என்னைப் போன்றவர்களுக்கு மிக அவசியம். நேர்ப்பின்னல் வரிசைகளைப் பார்க்காமலே பின்னலாம் என்பதால், கை ஊசியிலும் கண் பக்கத்திலுமாக இருக்க முடியும். மூடிக்கொள்ளும் புத்தகத்தின் மேல் அரிசி நிரப்பிய சிறு துணிப்பை ஒன்றை வைத்துச் சமாளிக்கிறேன். பூவேலை வரும் வரிசைகளில் அது நடக்காது. வந்தியத்தேவன் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட இடத்தில் நான் நான்கு கண்ணிகளை நழுவவிட்டிருக்கிறேன்.

நூலகத்துக்குப் போகலாமே என்பார்கள். போகிறேன். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948-இல் அன்றைய சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறேன். நான் போகும் நூலகத்தில் அந்த நாவலின் ஐந்து பாகங்களில் மூன்றாவது மட்டும் இரண்டு ஆண்டுகளாக இல்லை. 'கொலை வாள்' காணாமல் போனது பொருத்தம்தான் என்று அங்கே ஒருவர் சிரித்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதி வகுத்த நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டிருக்க மாட்டார்.

கட்டுரையாளர் போகிற போக்கில் 'கதைப் பைத்தியங்கள்' என்று எழுதியதும் என்னைத்தான் குறிக்கிறது. ரசிகர் என்றாலே தமிழில் கட் அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வருவதால், புத்தகத்துக்கு ரசிகையாக இருக்கிறவளைச் சொல்ல மரியாதையான சொல்லே இல்லை. மணிரத்னத்தின் படத்தில் முதல் பாகம் 2022-இல் வந்தது. மறு ஆண்டு ஆடிப்பெருக்கன்று நாங்கள் ஐந்து பேர் சிதம்பரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வேனில் வீராணம் ஏரிக்கரைக்குச் சென்றோம். கதை அதே நாளில், அதே கரையில் தொடங்குவதை வாசகர்கள் அறிவார்கள். நாவலில் வரும் 74 கணவாய்களை, அதாவது ஏரி மதகுகளை, எண்ணிப் பார்ப்பதாகத் தொடங்கி, பதினொன்றா பன்னிரண்டா என்ற தகராறில் கைவிட்டோம்.

பிறகு உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போனோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன் முதலியோரைக் குறிப்பிடும் முதலாம் ராஜராஜனின் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதில் நந்தினி இல்லை. அவள் கல்கி படைத்தவள். இதை நான் சொல்ல, படத்தை மட்டும் பார்த்த தோழி ஒத்துக்கொள்ளாமல், திரும்பும் வழியெல்லாம் கொலையாளி யார் என்ற விவாதம் நடந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கொலைக்கு நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட ஓட்டுநர், "இறந்தவர் உங்களுக்குச் சொந்தமா அம்மா?" என்று மெதுவாக விசாரித்தார். அந்தப் பயணத்தில் ஒரு கைப்பை நிறைய உல்லன் நூலும் கொண்டுபோயிருந்தேன். விவாதம் முடிவதற்குள் ஒரு குழந்தைத் தொப்பி முடிந்துவிட்டது. அதையும் விற்கவில்லை, அந்த ஓட்டுநருக்குப் பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தை இருந்தது.

கைத்திறனை விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தொழில்; மணிக்கு 8 ரூபாய்க்கு ஆசைப்பட்டு நான் குறுக்கே போனால் அவர்களுடைய விலைதான் இறங்கும். கட்டுரையாளர் இந்தப் பக்கத்தையும் யோசித்திருக்கலாம்.

ஒரு திருத்தமும் தேவைப்படுகிறது. 'ஸ்வெட்டர் பின்னும் பெண்' என்ற குறிப்போடு கட்டுரையின் நடுவே அச்சான படத்தில் இருப்பவர் கையில் ஒரே ஓர் ஊசி, அதன் நுனியில் கொக்கி. அது குரோஷா. அவர் போட்டுக்கொண்டிருப்பதும் ஸ்வெட்டர் அல்ல, மேசை விரிப்பு. அடுத்த ஞாயிறு இணைப்பில் இதைத் திருத்தி வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குன்னூர்.