தாய்க்குக் காய்ச்சல் என்றால் சேயை ஏழு நாள் வைத்துப் பாருங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு வட்டாரத்தின் பொதுச் சுகாதாரத்துக்கும் மகப்பேறு மருத்துவத்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மழைக்காலத்தில் பிறந்து, ஐந்தாம் நாள் வலிப்போடு திரும்பி வந்த பெண் குழந்தையைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஊரையும் மருத்துவமனையையும் இங்கே எழுதவில்லை. யாரையும் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமல்ல. பிரசவத்துக்கு முதல் நாள் தாய்க்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் இருந்தன. சுகப்பிரசவம். 48 மணி நேரம் முடிந்ததும் ‘தாயும் சேயும் நலம்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொசுவால் பரவும் சிக்குன்குனியாவும் டெங்குவும் தாயிடமிருந்து சேய்க்குப் போகும். அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிரசவத்துக்கு முந்தைய ஒரு வாரத்திலோ பிந்தைய இரண்டு நாளிலோ தாய்க்குக் காய்ச்சல் வந்திருந்தால், குழந்தைக்கு 7 நாள் நிறையும் வரை இருவரையும் மருத்துவமனையிலேயே வைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கு எங்கள் கற்பனை அல்ல. இந்தியப் பெருங்கடலில், தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவில் 2005–06இல் சிக்குன்குனியா பரவியபோது இது தெளிவாயிற்று. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், ஏறக்குறைய இரண்டில் ஒரு குழந்தைக்கு அது தொற்றியது. பிறந்தபோது அந்தக் குழந்தைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. நோய் தலைகாட்டியது 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள். பெரும்பாலும் நான்காம் நாளை ஒட்டி. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. டெங்குவும் இப்படித் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியதே. 48 மணி நேரத்தில் அனுப்புவது என்றால், நோய் வெளிப்படுவதற்கு முன்பே குழந்தையை நம் கண்ணிலிருந்து அகற்றிவிடுகிறோம்.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். குழந்தை பால் குடிக்காமல் துவள்கிறது. தூக்கினால் வீறிட்டு அழுகிறது. கைகால் லேசாக வீங்கியிருக்கிறது. பெரியவர்கள் பார்த்துவிட்டு உரம் விழுந்திருக்கிறது என்கிறார்கள். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுக்கிறார்கள். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கும் பச்சைக் குழந்தையை உருட்டினால் உள்ளே இரத்தம் கசியலாம். அந்த ஆச்சிகளை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அக்குளில் 99.5 டிகிரியைத் தாண்டினாலே பச்சிளங்குழந்தைக்கு அது காய்ச்சல், ஒரு மணி நேரமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அவர்களிடம் யார் சொன்னது?

பிறகு மருத்துவமனைக்கு வந்தால், இரத்தத்தில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள். அது தவறல்ல, தொடங்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டில் ‘தாய்க்குக் காய்ச்சல்’ என்று இரண்டு சொல் இருந்திருந்தால், அதே நேரத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையும் வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனையும் பார்த்திருப்பார்கள். வைரஸைக் கொல்ல மருந்து இல்லைதான். குழாய் வழியே பால், அளவான திரவம், வலிக்கும் வலிப்புக்கும் மருந்து, தேவைப்பட்டால் பிளேட்லெட்: இவை நேரத்துக்குக் கிடைத்தால் போதும், பல குழந்தைகள் பிழைக்கும்.

தாய்க்கும் இது பொருந்தும். காய்ச்சலோடு வருபவருக்கு டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: முதல் 5 நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். எலிசா. முடிவு வரும் வரை வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம், பாராசிட்டமால் போதும். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். ‘சூடு தணிந்துவிட்டது’ என்று அனுப்பிவைப்பது அந்த நேரத்தில்தான் நடக்கிறது. கர்ப்பிணிக்கு இரத்தம் இயல்பாகவே நீர்த்திருப்பதால், ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதும் உடனே தெரியாது. எது எப்படியானாலும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

படுக்கை இல்லை என்று சொல்வீர்கள். நாங்கள் எல்லாப் பிரசவத்துக்கும் கேட்கவில்லை, காய்ச்சல் கண்ட தாய்மார்களுக்கு மட்டுமே கேட்கிறோம். அதுவும் முடியாவிட்டால், சுகாதாரப் பணியாளர் 3ஆம் நாளும் 7ஆம் நாளும் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பதை இவர்களுக்கு மட்டும் 3 முதல் 7 வரை தினமும் ஆக்குங்கள். இப்போதைய அட்டவணையில் விடுபட்டிருப்பது 4, 5, 6. அந்த மூன்று நாளில்தான் குழந்தைகள் நோயில் விழுகின்றன.

நம் ஊருக்கு இது கூடுதலாகத் தேவை. தலைப்பிரசவத்துக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெண்கள் ஐப்பசி, கார்த்திகையில் தாய்வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்தில் நாலு வளவு வீடு பூட்டிக் கிடக்கும். முற்றத்து அண்டாவிலும் கல்தொட்டியிலும் காய்ந்து ஒட்டிய, இந்த நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை மாதக்கணக்கில் சாகாது. கூரைத் தண்ணீர் விழுந்து நிரம்பினால் பொரித்து, பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். ஊரணியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, இந்தக் கொசு அங்கே பெருகுவதில்லை. நீங்களோ தெருவில் புகை அடித்துவிட்டுப் போகிறீர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டிப் புழுவை ஒன்றும் செய்யாது. பூட்டிய வீட்டுக்காரரை அழைத்துத் திறக்கச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருந்தும் ஆண்டுதோறும் அதே புகை, அதே படம், அதே செய்திக் குறிப்பு. மகப்பேறு வார்டிலேயே ஜன்னல் வலை கிழிந்திருக்கிறது. இந்தக் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் கண்ட தாயைக் கடித்த கொசு ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த கட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும்.

பேச்சு கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறோம். கொசு ஒழிப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறோம். இந்த மடலில் கேட்பது அந்த ஒன்றைத்தான்: தாய்க்குக் காய்ச்சல் என்றால் குழந்தைக்கு ஏழு நாள், டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி. அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் பொதுவான சுற்றறிக்கையாக இதை உடனே அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் பணியாற்றும் செவிலியர் சிலர்,
செட்டிநாடு