வளவு வீட்டில் ஐசோடோப்பு ஆய்வகம் வேண்டாம்: கல்லூரி அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டில் கல்லூரி நடத்தும் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை அறிவியலுக்குக் கொடுக்க முன்வருவது பெரிய மனசு. ஆனால் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளக்கும் வேதியியலுக்கு மட்டும் அந்த வீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். காரணம் சுவரில் இருக்கிறது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் முன்னோர் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போன பர்மா, சுமத்திராக் கரைகளுக்கு அடியில் இந்தியப் பெருங்கடலின் தரை சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டலில் ஒரு பகுதியும் அதோடு போகிறது. போனதில் எவ்வளவு எரிமலைக் குழம்பாகத் திரும்புகிறது, எவ்வளவு ஆழத்திலேயே தங்குகிறது என்று ஐந்தொகை எடுப்பதுதான் இந்த ஆய்வு.

இதற்குப் பேரேடு ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம். ருபீடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகும். பாதி சிதையச் சுமார் 4,960 கோடி ஆண்டு. ருபீடியம் மிகுந்த பழைய கண்டப் பாறையில் இந்த வட்டி நிறைய ஏறியிருக்கும். அதனால் இமய வண்டலில் ஸ்ட்ரான்ஷியம்-87-க்கும் ஸ்ட்ரான்ஷியம்-86-க்கும் உள்ள விகிதம் 0.72-ஐத் தாண்டும். நடுக்கடல் முகட்டுப் பாறையில் 0.703-ஐ ஒட்டி நிற்கும். தீவு எரிமலைப் பாறை 0.704, 0.705 என்று காட்டும்போது, நான்காம் தசமத்தை வைத்துத்தான் வாதமே நடக்கிறது.

நம் சுவர்களின் பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சல் கடல்நீரின் 0.7092-ஐ அப்படியே வாங்கி வைத்திருக்கும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஸ்ட்ரான்ஷியமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத 10 மைக்ரோகிராம் சுண்ணாம்புத் தூசி, பாறை கரைக்கும் குப்பியில் விழுந்தால் 10 நானோகிராம் ஸ்ட்ரான்ஷியம் சேரும். 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) ஸ்ட்ரான்ஷியம் உள்ள கனிமத்தில் 20 மில்லிகிராம் எடுத்தால், அதில் இருப்பதே 100 நானோகிராம்தான். 0.7040 என்று வர வேண்டியது 0.7045 என்று வரும். வண்டல் கலந்திருக்கிறது என்று மாணவர் எழுதிவிடுவார், கலந்தது சுவர். ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டுதான், அதுவும் தேயத் தேயத் தூசி. வளவோ வானம் பார்த்தது.

ஆகவே தோட்டத்தில் 3 மீட்டருக்கு 4 மீட்டரில் தனி அறை போதும். சுவருக்கும் தரைக்கும் எபாக்சிப் பூச்சு கொடுங்கள். அமில ஆவியை வெளியேற்றும் புகைப்பெட்டி பாலிபுரோப்பிலின் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பென்றால் அமில ஆவியில் துருப்பிடித்துக் குப்பிக்குள்ளேயே உதிரும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிக்குக் கட்டாயம் யுபிஎஸ் வேண்டும். மின்சாரம் போய் விசிறி நின்றால் அறையின் காற்றழுத்தம் இறங்கும், கதவிடுக்கு வழியாகச் செம்மண் தூசி நுழையும்.

பாறையை அகேட் உரலில் பொடித்து, 100 மில்லிகிராமை மூடியுள்ள பிஎஃப்ஏ (அமிலம் அரிக்காத பிளாஸ்டிக்) குப்பியில் ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலங்கள் மூன்றுக்கு ஒன்றாகச் சேர்த்து 130 டிகிரியில் 2 நாள் வைக்க வேண்டும். உலர்த்தியதும் வெள்ளையாக ஃபுளோரைடு படிந்தால் அவசரப்படக் கூடாது. அளக்க வேண்டிய இன்னொரு தனிமமான நியோடிமியம் அதில்தான் மாட்டிக்கொள்ளும். 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மறுபடி மறுபடி கரைத்து, தெளிந்த பிறகே தனிமங்களைப் பிரிக்கும் பிசின் குழாயில் ஊற்றலாம். ருபீடியத்தை முழுக்கக் கழுவிவிட வேண்டும். எடை 87-இல் ருபீடியமும் ஸ்ட்ரான்ஷியமும் ஒரே இடத்தில் விழும், கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பாறை போடாத வெற்றுக் குப்பி ஒன்றும் கூடவே போக வேண்டும். அதில் 1 நானோகிராமுக்கு மேல் ஸ்ட்ரான்ஷியம் வந்தால் அந்தத் தடவை செய்த அத்தனையும் செல்லாது.

அதே கரைசலில் நியோடிமியத்தையும் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். கடல்நீர் ஊறிய பாறையிலும் ஸ்ட்ரான்ஷியம் விகிதம் ஏறும். கடல்நீரில் நியோடிமியம் இல்லாத குறைதான் என்பதால் அதன் விகிதம் அசையாது. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால்தான் வண்டல் என்று பேசலாம்.

இந்த விகிதங்களை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியை வாங்க வேண்டாம். ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் இருக்கின்றன. பெரிலியம்-10 என்ற கதிரியக்க ஐசோடோப்பை அளக்கும் முடுக்கி டெல்லியில் இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுதான். புதுக் குழம்பில் அது கிடைத்தால், கடந்த ஒரு கோடி ஆண்டுக்குள் கடல் தரையில் படிந்த வண்டல் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். மழையிலும் பெரிலியம்-10 இறங்கும், ஆகவே வெயில் மழையில் கிடந்த பழம்பாறை இதற்கு ஆகாது. கருவிக்கு ஒதுக்க நினைத்த கோடிகளில் சிறு பங்கை இந்த அறைக்கும், அமிலத்தைக் காய்ச்சி வடிக்கும் கலத்துக்கும், 18.2 மெகாஓம் அளவுக்குத் தூய்மையான தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை நேரே விட்டால் வடிகட்டிகள் சீக்கிரம் அடைத்துப்போகும்; ஆர்.ஓ. முன்னால் இருக்கட்டும்.

அறைக்குள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் காயத்துக்கான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கை எட்டும் இடத்தில் இல்லாமல் ஹைட்ரோஃபுளோரிக் பாட்டிலைத் திறக்க விடாதீர்கள். பெரிய வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) நுண்ணோக்கிகளைப் போடுங்கள், பிள்ளைகள் பாறைச் சீவல் பார்த்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் புவிவேதியியல் கற்பிக்கும் சிலர்