வட்டைத் தொடாத பென் டிரைவ்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல். இங்கே சின்னவள் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவிக்கு லீவு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வக்கீல் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து, உள்ளே இருப்பதை அப்படியே காப்பி எடுத்துத் தரச் சொன்னதாக எழுதியிருந்தாய். அழிந்த கோப்பை மீட்பது உனக்குக் கைவந்த வேலைதான். ஆனால் உன் கடையில் கோப்பு கிடைத்தால் வாடிக்கையாளருக்குத் திருப்தி. கோர்ட்டு வேலையில், காப்பி எடுக்கும்போது நீ எதையும் மாற்றவில்லை என்று காட்டவும் வேண்டும். விண்டோஸை ஒரு தடவை ஆன் செய்தாலே லாக், ரிஜிஸ்ட்ரி, தற்காலிகக் கோப்புகள் என்று எத்தனையோ மாறிவிடும். அதனால்தான் விண்டோஸை எழுப்பாமல், பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும் லினக்ஸ் (லைவ் லினக்ஸ்) வேண்டும்.

எந்த லினக்ஸும் போதாது. சாதாரண லைவ் லினக்ஸ், வட்டில் ஸ்வாப் பார்ட்டிஷனை (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் பகுதி) பார்த்தால் அதில் எழுத ஆரம்பிக்கலாம். செருகும் டிஸ்கைக் கேட்காமலே மவுன்ட் செய்யும், அதாவது கோப்புகளைப் பார்க்கத் திறந்துவிடும். காலி (Kali) என்ற லினக்ஸின் லைவ் பூட் மெனுவில் ஃபொரன்சிக் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஸ்வாப்பையும் தொடாது, தானாக மவுன்ட்டும் செய்யாது. இத்தாலியில் உருவான கெய்ன் (CAINE) என்ற லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா டிஸ்க்குகளையும் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாது) பூட்டி வைத்துவிட்டுத்தான் திரையையே காட்டும். காப்பியை எழுத வேண்டிய உன் டிஸ்கை மட்டும் நீயே திறந்துவிட வேண்டும். என் ஓட்டு கெய்னுக்கு. ராத்திரி பத்து மணிக்குக் களைத்துப்போய் தப்பான டிரைவைக் கிளிக் செய்தாலும் அது காப்பாற்றும்.

ரீட்-ஒன்லி என்றதும் மவுன்ட் கட்டளையில் ஆர்ஓ (ro) என்று போட்டால் போதும் என்று நினைத்துவிடாதே. சரியாக மூடப்படாத எக்ஸ்ட்4 (லினக்ஸின் வட்டு அமைப்பு) பார்ட்டிஷனை அப்படி மவுன்ட் செய்தாலும், லினக்ஸின் கெர்னல் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பு) ஓட்டி வட்டில் எழுதிவிடும். கூடவே நோலோட் (noload) என்றும் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, மவுன்ட்டே செய்யாமல் முழு டிஸ்கையும் செக்டர் செக்டராக இமேஜ் (அச்சு அசலான நகல்) எடுப்பது.

பென் டிரைவில் பெர்சிஸ்டென்ஸ் (செய்த மாற்றங்களை அடுத்த பூட்டுக்கும் சேமித்து வைக்கும் வசதி) வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இமேஜ் எடுக்கும் பென் டிரைவில் வேண்டாம். போன கேஸின் மிச்சம் அடுத்த கேஸுக்குள் வந்தது என்று எதிர்த் தரப்பு வக்கீல் சொல்ல இடம் கொடுக்காதே. ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழும்பட்டும். உன் நோட்ஸ், ஸ்கிரிப்ட் எல்லாம் வேறொரு பென் டிரைவில் இருக்கட்டும்.

இமேஜ் எடுக்க கைமேஜர் (Guymager) என்ற மென்பொருள் போதும். ஈ01 என்ற இமேஜ் ஃபார்மட்டில் எழுதும், எழுதும்போதே ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்; ஒரு பிட் மாறினாலும் இதுவும் மாறும்) போடும், முடிந்ததும் சரிபார்க்கவும் சொல்லலாம். கட்டளை வரிதான் பிடிக்கும் என்றால் டிசி3டிடி (dc3dd). நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க் முடிய கிட்டத்தட்ட 3 மணி நேரம், சரிபார்க்க இன்னொரு அவ்வளவு. கடையை மூடும் நேரத்தில் ஆரம்பிக்காதே. டிஸ்கில் கெட்ட செக்டர் இருந்தால், அதற்கென்றே இருக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue). அந்த மாதிரி டிஸ்கில் ஹாஷ் ஒவ்வொரு முறையும் ஒன்றாக வராமல் போகலாம், அதை அப்போதே எழுதி வைத்துக்கொள்.

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பற்றிக் கேள். பல புதிய மெஷின்களில் அது தானாகவே போடப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் எடுத்த இமேஜ் வெறும் குப்பை மாதிரிதான் தெரியும். எஸ்எஸ்டியாக இருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடு: ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே காலி செய்ய வைக்கும் கட்டளை) ஓடியிருந்தால் அழித்த கோப்புகள் திரும்பி வருவது சந்தேகம்.

கடிகாரத்தையும் பார். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் நம்மூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு, அதில் இந்திய நேரம் அமைத்திருந்தால் மேலே ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டலாம். பயாஸில் என்ன நேரம், உன் போனில் என்ன நேரம் என்று இரண்டையும் குறித்துக்கொள். பிற்பாடு ஒரு மெயில் எத்தனை மணிக்குப் போனது என்ற வாக்குவாதம் வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

அப்புறம் சட்டம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்டுவது பற்றிய பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு வந்திருக்கிறது. அந்தப் பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: ஒன்று பதிவைத் தாக்கல் செய்பவருக்கு, மற்றது நிபுணருக்கு. ஹாஷ் எண்ணையும் எந்த முறையில் போட்டது என்பதையும் அதில் எழுத வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 போடு, எம்டி5-ஐ மட்டும் நம்பாதே. அந்த இரண்டாவது பகுதியில் நீ கையெழுத்துப் போடலாமா என்பதை வக்கீலே சொல்லட்டும், நீயாக முந்திக்கொள்ளாதே.

வக்கீலின் லேப்டாப்பைத் தொடுமுன் ஒரு சோதனை செய். கடையில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு ரைட் பிளாக்கர் (டிஸ்கில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் கருவி) வழியாக ஹாஷ் எடு. அதையே ஒரு மெஷினில் மாட்டி, உன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அணைத்துவிடு. மறுபடி ஹாஷ் எடு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பென் டிரைவ் இந்த வேலைக்கு ஆகாது. ரைட் பிளாக்கர் உன்னிடம் இல்லையென்றால் சொல், என்னுடையதைக் கூரியரில் அனுப்புகிறேன். பத்திரமாகத் திருப்பி அனுப்பு, விலை அதிகம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரவி