ஐந்து மூன்றானது, அப்புறம்?

ஆசிரியருக்கு,

2009 ஜனவரியில் எயார்டெல் இலங்கைக்கு வந்தபோது அழைப்புக் கட்டணங்கள் மளமளவென்று சரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது களத்தில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள். 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. மிஞ்சியிருப்பவை டயலொக், மொபிட்டல், ஹட்ச் மட்டுமே.

சிறிய தீவில் ஐந்து நிறுவனங்கள் தனித்தனியே கோபுரம் கட்டிக் கட்டுபடியாகாது என்பார்கள். சரி, அதில் நியாயம் உண்டு. ஆனால் கோபுரத்தைப் பகிர்வது வேறு, வாடிக்கையாளரைப் பகிர்ந்துகொள்வது வேறு.

எங்கள் பக்கம் பலரின் போனில் இரண்டு சிம். ஒன்று டேட்டாவுக்கு. மற்றதில் ரீலோட் போடுவதே வங்கியின் ஓடிபி அந்த இலக்கத்துக்கு வருகிறது என்பதற்காகத்தான். இலக்கத்தை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியா முழுவதும் 2011இலேயே வந்துவிட்டது. இங்கே அது ஆண்டுக்கணக்கில் பேச்சாகவே இழுபட்டது. எனக்கென்னவோ, நான்காவது நிறுவனத்தைத் தேடுவதைவிட இதுதான் முக்கியம். வாடிக்கையாளர் எழுந்து போக முடிந்தால் மூன்று நிறுவனங்களுக்குள்ளும் போட்டி இருக்கும்.

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். நாளுக்கொரு சின்ன டேட்டா பொதி வாங்குபவருக்கு அதற்கு வேண்டிய கருவியின் விலையே எட்டாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒவ்வொரு நிறுவனத்தின் வேகத்தையும் கட்டணத்தையும் மாவட்டவாரியாக, தமிழிலும் வெளியிட வேண்டும். நெடுந்தீவுக்காரருக்குக் கொழும்புச் சராசரி எதற்கு?

– வாசகர், பருத்தித்துறை